டியோராமாவுக்குக் காட்சி தேர்வது: காவிரி டெல்டாவை முன்வைத்து

டெல்டாவை வைத்து டியோராமா (ஒரு காட்சியைப் பலகைமேல் சிறிய அளவில் செய்து காட்டும் மாதிரி) செய்ய நினைக்கிறவர்களிடம் "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஓர் இடத்தின் பெயர்தான் பதிலாக வரும். கல்லணை, பெரிய கோயில், திருவாரூர்த் தேர். அதை வைத்துக்கொண்டு அட்டை வெட்ட முடியாது. எந்த மாதம், எந்தப் பொழுது, அங்கே என்ன வேலை நடக்கிறது என்ற மூன்றும் சேர்ந்த பிறகுதான் கையில் ஒரு காட்சி இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. செய்யப்போவதை ஒரே வரியில், வினைச்சொல்லோடு எழுதிப் பாருங்கள். "ஜூன் கடைசியில், கிளை வாய்க்காலின் காய்ந்த தரையில் முதல் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வருகிறது." இந்த வரி எழுதியானதும் பாதி முடிவுகள் தாமாக வந்துவிடும். கரைப்புல் காய்ந்திருக்கும், வயலில் பயிர் நிற்காது, தண்ணீர் கலங்கல், வாய்க்கால் தரை பாதி சாம்பல் நிறம் பாதி கருமை. "வயல், வாய்க்கால், மாடு" என்று எழுதினால் எந்த முடிவும் வராது. கடையில் கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்து பலகை முழுக்க நிரப்பத்தான் தோன்றும்.

அடுத்தது கணக்கு. 1:35 என்றால் அசலில் 35-ல் ஒரு பங்கு. அதில் ஒரு மீட்டர் 28.6 மி.மீ. ஆகிறது, 1:72-ல் 13.9, 1:87-ல் 11.5. கல்லணையின் நீளம் 329 மீட்டர் என்பார்கள். 1:87-ல் அது 3.78 மீட்டர். ரயில் மாடல்காரர்களின் 1:160-க்குப் போனாலும் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. பெரிய கோயில் விமானம் சுமார் 200 அடி. 1:87-ல் 70 செ.மீ. உயரத்தில் சிற்பம் செதுக்க வேண்டியிருக்கும், அது வேறு தொழில். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. 1:72-ல் 40 செ.மீ.தான், செய்துவிடலாம் போலத் தெரியும். ஆனால் வடம் பிடிக்கும் கூட்டம் இல்லாமல் ஓடும் தேர் இல்லை, கூட்டம் என்றால் நூற்றுக்கணக்கில் மனித உருவங்கள்.

இதற்காக இந்த இடங்களைக் கைவிட வேண்டியதில்லை, சின்னதாக வெட்டி எடுத்தால் போதும். கல்லணை வேண்டுமென்றால் தண்ணீர் பாயும் இரண்டு மதகுக் கண், அதன் மேல் பாலத்தின் கைப்பிடிச் சுவர், கீழே நுரைத்துப் பாயும் தண்ணீர். தேர் வேண்டுமென்றால் 1:24-ல் ஒரு சக்கரத்தின் கீழ்ப்பாதி, அதன் முன்னால் முட்டுக்கட்டையைச் செருகக் குனிந்த ஒருவர், தரையில் கிடக்கும் வடத்தின் ஒரு நுனி. பார்ப்பவருக்கு மீதித் தேர் தெரிந்த விஷயம்தான். அதை நீங்கள் செய்து காட்ட வேண்டியதில்லை.

டெல்டாவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு: நிலம் தட்டை. மலைநாட்டுக் காட்சி எதை வெட்டி எடுத்தாலும் ஒரு சரிவு கிடைத்துவிடும். இங்கே வெறும் வயலை வெட்டி எடுத்தால் பலகையில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரிதான் இருக்கும். இங்கே மேடுபள்ளம் என்பது மனிதர் வெட்டியது அல்லது குவித்தது: வாய்க்கால் கரை, மதகு, படித்துறை, வைக்கோல் போர், நெல் அம்பாரம். இவற்றில் ஒன்றாவது இல்லாத காட்சியை எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

"தென்னை இருக்கிறதே, உயரத்துக்கு?" என்று கேட்கலாம். வளர்ந்த மரம் 20 மீட்டர் என்றால் 1:35-ல் 57 செ.மீ.; ஏ4 தாள் அளவுப் பலகையே 30 செ.மீ.தான். பாதியில் வெட்டினால் மின்கம்பம் போல நிற்கும். தென்னம்பிள்ளையை வையுங்கள், அல்லது வாழையை. மூன்று மீட்டர் வாழை 1:35-ல் எட்டரை செ.மீ.; திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்கு அது பொருத்தமும்கூட. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னைகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. சாய்ந்த மரத்தைப் பலகையின் விளிம்பில் வெட்டிவிடலாம், உயரச் சிக்கலும் இல்லை. ஆனால் அந்தக் காட்சியில் அழுகிற மனிதர்களை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. மரம், பறந்து விழுந்த கீற்று, அறுந்து கிடக்கும் கம்பி, அவ்வளவு போதும்.

உயரத்துக்கு நல்ல விடை படித்துறை. படி என்பதால் உருவங்கள் தாமாகவே வெவ்வேறு மட்டத்தில் நிற்கும். கண் மேலிருந்து தண்ணீர் வரை இறங்கி வரும். 5 மி.மீ. ஃபோம் போர்டு 1:35-ல் 17.5 செ.மீ. உயரப் படியாகிறது, அப்படியே அடுக்கலாம். 1:72-ல் அதே போர்டு 36 செ.மீ. ஆகிவிடும், யாரும் ஏற முடியாத படி. அதற்கு 3 மி.மீ. வாங்குங்கள். ஆடிப்பெருக்கு நாள் என்று வைத்தால் காட்சி இன்னும் இறுகும்: முளைப்பாரி, மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, மேல்படியில் சப்பரம் இழுக்கிற ஒரு பையன். ஐந்து உருவத்துக்கு மேல் வேண்டாம்.

இனி, பலரும் தொடங்கிவிட்டு நடுவில் விட்டுவிடுகிற இடத்துக்கு வருவோம். காட்சியில் எந்தப் பொருள் அதிகம் திரும்பத் திரும்ப வருகிறதோ அதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 20-க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து (ஒரே இடத்தில் சேர்த்து நடும் நாற்று ஒரு குத்து). ஓர் ஏ4 தாள் அளவுப் பலகை 1:35-ல் 10.4 மீட்டருக்கு 7.35 மீட்டர் நிலம், அதாவது 76 சதுர மீட்டர். முழுக்க வயலென்றால் சுமார் 3,800 குத்து. ஒவ்வொன்றையும் இடுக்கியால் நட வேண்டும். 1:87-ல் அதே தாளில் 23,000-க்கு மேல்! அந்த அளவில் யாரும் குத்துக் குத்தாக நட மாட்டார்கள், புல்விரிப்பை ஒட்டிவிட்டுப் போவார்கள். வரிசை தெரியாது, நெல் என்று யாருக்கும் தோன்றாது.

இதற்கு வழி காட்சியை மாற்றுவதுதான். திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 செ.மீ., சதுர மீட்டருக்கு 16 குத்து. ஏ4-ல் 1,200 சொச்சம். பலகையில் கால்பங்கு மட்டும் வயல், மீதி கரையும் வாய்க்காலும் என்றால் 300. ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலை. அல்லது நடவுக்கு முந்தைய நாளைப் பிடியுங்கள்: சேறடித்துச் சமப்படுத்திய வயல், அதில் அங்கங்கே வீசிக் கிடக்கும் நாற்றுமுடிகள். முப்பது முடி போதும். நாளை இங்கே என்ன நடக்கும் என்பது டெல்டாக்காரர் எவருக்கும் தெரியும். அறுவடை முடிந்த தாள்கட்டை வயல் கண்ணுக்கு எளிது போலத் தோன்றினாலும் குத்து எண்ணிக்கை அதேதான். ஏமாற வேண்டாம்.

கொள்முதல் நிலையம் பலர் நினைத்துப் பார்க்காத நல்ல காட்சி. தை, மாசியில் நெல் அம்பாரம், மேலே பாதி மூடிய தார்ப்பாய், அடுக்கிய மூட்டைகள், தூற்றும் இயந்திரம், தூரத்தில் மேகம் கறுத்திருப்பதைப் பார்க்கும் ஒருவர். இங்கே எண்ண வேண்டியது மூட்டை. அம்பது அறுபது மூட்டை என்றால் தாங்கும். எம்-சீலை (பிசைந்தால் சிறிது நேரத்தில் இறுகும் ஒட்டுமாவு) பிசைந்து உருட்டி வெட்டி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை அதன்மேல் அழுத்தி எடுத்தால் சாக்கின் நெசவு பதியும். இறுகுவதற்கு முன்பே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட வேண்டும். தனித்தனியாக இறுகிய பிறகு அடுக்கினால் கீழ்மூட்டை நசுங்காது, இடையில் வெளிச்சம் தெரியும், கனமே இல்லாத மூட்டையாகிவிடும். எண்ணெய் தடவாமல் துணியை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் நனைத்தாலும் போதும்.

அம்பாரத்துக்கு உண்மை நெல்லைக் கொட்டக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. மணலும் அப்படித்தான். காவிரி மணலின் அரை மி.மீ. துகள் 1:87-ல் 4 செ.மீ. சல்லிக் கல். துணியில் சலித்து, கையில் ஒட்டுகிற மாவுபோல் இருப்பதை மட்டும் எடுங்கள். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கரையோரம் கூழாங்கல் தூவுகிறார்கள். டெல்டாவின் வண்டல் மண்ணில் அப்படிக் கல் கிடக்காது.

வேதாரண்யம் உப்பளம் எண்ணிக்கைத் தொல்லை இல்லாத காட்சி: பாத்தி, வரப்பு, கும்பல் கும்பலாக உப்பு, கீற்றுப் போட்டு மூடிய ஓர் அம்பாரம். முதல்முறை செய்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உப்புக்கு உப்பைப் போடாதீர்கள். ஐப்பசி ஈரத்தில் கசிந்து பெயின்ட்டைத் தூக்கிவிடும். சமையல் சோடா நாளடைவில் மஞ்சளிக்கும். கல்மாவுக் கோலப்பொடி சரியாக இருக்கும். அரிசிமாவு கலந்ததென்றால் எறும்பு மோப்பம் பிடித்துவிடும், வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தைச் செய்ய ஆசை வரும். ராஜாஜி திருச்சியிலிருந்து நடத்திவந்த அணியைக் காட்ட வெள்ளை வேட்டி கட்டிய உருவங்கள் ஏராளம் வேண்டும் என்பதை மட்டும் முதலில் எண்ணிவிட்டு இறங்குங்கள்.

உருவங்கள் பற்றி. 1:35-ல் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ராணுவ வீரர்கள். பூட்ஸைச் செதுக்கிப் பாதமாக்கி, ஃபெவிகால் தண்ணீரில் நனைத்த டிஷ்யூ தாளால் வேட்டியோ கைலியோ கட்டி, தலையில் முண்டாசு சுற்றினால் நிற்கிற ஆள், உட்கார்ந்த ஆள் இரண்டும் வந்துவிடும். நடவு நடுகிற பெண்கள் வர மாட்டார்கள். இடுப்பிலிருந்து முழுக்க மடிந்து, சேலையை இழுத்துச் செருகிய அந்தத் தோற்றம் எந்தப் பெட்டியிலும் கிடையாது. கம்பியில் எலும்பு கட்டி எம்-சீலில் உருவாக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் முயலலாம், பத்துப் பேர் வரிசை என்றால் வேறு காட்சி பாருங்கள்.

மாட்டில் ஒரு வசதி இருக்கிறது. வெளிநாட்டுப் பொம்மை மாட்டுக்குத் திமில் இருக்காது, அதை வைக்க வேண்டும். கழுத்தின் கீழ் அலைதாடியையும் கொஞ்சம் தொங்கவிட வேண்டும். ஆனால் டெல்டாவின் சேற்றுழவு மாடான உம்பளச்சேரி எருதுகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவது வழக்கம், மொட்டை மாடு என்றே பெயர். ஆகவே கொம்பில்லாத பொம்மை கிடைத்தால் கவலை வேண்டாம். சாம்பல் உடல், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கால்களில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை. கன்று வைத்தால் அதைச் சாம்பலில் தீட்டாதீர்கள், பிறக்கும்போது செம்பழுப்பு.

வண்டிகளை வாங்குவதற்கு முன் அளவு பாருங்கள். பொம்மைக் கடை வண்டிகளில் பெரும்பாலும் அளவு எழுதியிருக்காது. முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்து, அசல் வண்டியின் அளவை அதனால் வகுங்கள். அம்பாசடருக்கு அந்த நீளம் 2,464 மி.மீ.; பொம்மையில் 57 மி.மீ. இருந்தால் 1:43. அதை 1:35 ஆட்கள் பக்கத்தில் நிறுத்தினால் கதவைத் திறந்து உள்ளே போக முடியாத கார் ஆகிவிடும். மீட்டர்கேஜ் ஸ்டேஷன் செய்கிறவர்களுக்கு 1:87-ல் 12 மி.மீ. தண்டவாளம் பொருந்தும். அகலப்பாதைக்குத்தான் தொல்லை: 1,676 மி.மீ. பாதை 1:87-ல் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும், கடையில் வரும் 16.5 மி.மீ. தண்டவாளம் அதற்கு ஒடுக்கம்.

காலப் பொருத்தத்தில் சறுக்குவது பெரும்பாலும் சின்னப் பொருள்களில்தான். பெல்ட் போட்ட அறுவடை இயந்திரம் நிற்கிற வயலில் கையால் அடித்துப் போட்ட பெரிய வைக்கோல் போரைப் புதிதாகக் காட்டினால் பொருந்தாது, அங்கே உருளைக் கட்டுகள்தான் கிடக்க வேண்டும். வண்டி எண்ணும் ஊரைச் சொல்லிவிடும்: தஞ்சாவூர் டிஎன் 49, திருவாரூர் 50, நாகப்பட்டினம் 51, கும்பகோணம் 68. மயிலாடுதுறையின் 82-ஐ எண்பதுகளின் காட்சியில் எழுதிவிடாதீர்கள்.

தண்ணீர் என்றதும் எபாக்ஸி ரெசின் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்) என்று ஓடுகிறார்கள். தெளிந்த தண்ணீருக்குத்தான் அது தேவை. ஜூனில் வரும் புதுத்தண்ணீர் காக்கிக் கலங்கல், அடி தெரியாது. தரையை அந்த நிறத்தில் தீட்டி, மேலே பளபளப்பு வார்னிஷை நான்கைந்து பூச்சு கொடுத்தாலே போதும். அடி தெரிய வேண்டிய காட்சி, அதாவது நடவு வயலின் மெல்லிய நீர், தை மாதத்து வடிகால் போன்றவற்றுக்கு மட்டும் ரெசின். ஒரு முறைக்கு 3 மி.மீ.க்கு மேல் ஊற்றாமல் இருப்பது நல்லது. கனமாக ஊற்றினால் சூடேறி அடியிலுள்ள தெர்மோகோலை இளக்கும். பாலியெஸ்டர் ரெசினும், ஃபெவிக்விக்கும், ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மோகோலைக் கரைத்தே விடும். ரெசின், அதை இறுக்கும் திரவம் என்ற இரண்டு பாட்டிலையும் கலக்கும் விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று பாருங்கள், மாற்றிக் கலந்தது இறுகவே இறுகாது. அடைமழை நாள்களில் ஊற்றினால் மேலே வெண்மையாகப் பிசுபிசுவென்று ஏடு படியும். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தால் போகும், ஆனால் பயிர் நட்ட வயலில் எப்படித் துடைப்பது? மார்கழிக்குப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம். ரெசின் நெல் தாளில் ஏறி ஈரக் கறை போல் நிற்பதும் உண்டு. தாளின் அடியில் முன்பே வார்னிஷ் தொட்டு வைத்தால் குறையும்.

மேலே சொன்ன ஜூன் வரியை அளவோடு போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் செலவும் உருவமும் குறைவாக, டெல்டாவை வேறெதுவும் இத்தனை தெளிவாகச் சொல்லாது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிறது. கல்லணை அடுத்த சில நாள்களில், கடைமடைக்குப் போய்ச்சேர இன்னும் நாளாகும். ஆகவே "ஜூன் கடைசி" என்றால் கடைமடை வாய்க்கால்.

1:35, ஏ4 பலகை, 12 மி.மீ. நீர்புகாப் பிளைவுட். சாதாரண பிளைவுட் டெல்டாவில் கரையானுக்குப் போய்ச் சேரும். வாய்க்கால் ஆழம் 1.2 மீட்டர் என்றால் 34 மி.மீ., எனவே மேலே 40 மி.மீ. ஃபோம் வேண்டும். அடி அகலம் 2 மீட்டர், 57 மி.மீ. பலகையின் விளிம்புக்கு இணையாக வெட்டாமல் இருபது முப்பது பாகை சாய்த்து வெட்டுங்கள். இணையாக இருந்தால் பார்வை ஒரே நேர்கோட்டில் ஓடி வெளியே போய்விடும். மதகுச் சுவர் 2.5 மீட்டர் அகலம், 71 மி.மீ.; ஷட்டர் 90 செ.மீ., 26 மி.மீ. ஷட்டரைத் தூக்கும் திருகுத்தண்டுக்கு 2 மி.மீ. மெஷின் ஸ்க்ரூவைத் தலையை வெட்டிவிட்டு வைத்தால் மறையே தயாராக வந்துவிடும். அசலில் 7 செ.மீ. தண்டு, பொருத்தம்தான். ஷட்டரின் கைப்பிடியில் கைவைத்த லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) ஒருவர் போதும். அவரும் இல்லாமல் சைக்கிள் மட்டும் கரையில் சாய்ந்திருந்தாலும் காட்சி குறையாது.

தரையின் வெடிப்புக்கு உண்மையான களிமண்ணையே பயன்படுத்தலாம். சலித்து, வாணலியில் வறுத்துப் புழு பூச்சியைப் போக்கி, தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். ஃபெவிகால் கலந்தால் வெடிக்காது. வெடித்த பிறகுதான் நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறுக்க வேண்டும். படலம் மெலிய மெலிய வெடிப்புத் துண்டும் சிறுக்கும். 1:35-ல் உங்களுக்கு வேண்டியது ஐந்து மி.மீ. துண்டு, ஆகவே அட்டையில் இரண்டு மூன்று கனத்தில் பூசிக் காயவைத்துப் பாருங்கள். பசை மண்ணை ஒரு படி கறுக்க வைக்கும், அதையும் அந்த அட்டையிலேயே சோதிக்கலாம்.

தண்ணீர் முனைதான் இந்தக் காட்சியின் உயிர். அது கத்தியால் வெட்டியதுபோல் முடியாது. நாக்கு நாக்காகப் பள்ளம் தேடி ஓடும், வெடிப்புக்குள் முன்னாலேயே இறங்கியிருக்கும், முன்விளிம்பில் சருகும் அழுக்கு நுரையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் ஒதுங்கியிருக்கும். விளிம்புக்கு முன்னால் அரை செ.மீ. அகலத்துக்கு மண்ணைக் கறுக்கத் தீட்டி, பளபளப்பு கொடுக்காமல் விடுங்கள். ஈரம் உறிஞ்சிய மண் அது.

பிளைவுட்டைத் தொடுவதற்கு முன் செய்தித்தாளில் முழு அளவு வரைந்து, சுவருக்கு அட்டையும் ஆளுக்குத் தீக்குச்சியும் நிறுத்தி, கண் மட்டத்தில் வைத்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள். போக வரப் பார்க்கும்போது எங்கே காலி, எங்கே நெரிசல் என்று தெரிந்துவிடும்.

புகைப்படம் எடுக்கப் போகும்போது ஒரு மீட்டர் குச்சியைக் காட்சியில் நிறுத்தி எடுங்கள். அது மறந்தால் செங்கல் வரிசையை எண்ணலாம், இந்தக் காலத்துக் கல்லும் சாந்தும் சேர்ந்து பத்து வரி ஏறத்தாழ 85 செ.மீ. வாய்க்கால் தரை தெரிவது தண்ணீர் வருவதற்கு முந்தைய கோடையில்தான், அதே சமயத்தில்தான் தூர்வாரும் வேலையும் நடக்கும். தூர்வாரிய வாய்க்காலில் வெடிப்பு இருக்காது, கரையில் பொக்லைன் பல் பதிந்த கோடுகளும் மேலே கொட்டிய ஈரமண்ணும் இருக்கும். தூர்வாராததில் கோரையும் வெடிப்பும். இரண்டையும் ஒரே வாய்க்காலில் கலக்க முடியாது, எது என்று படம் எடுக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.